பாம்பன் ஏன் இன்னொரு தூத்துக்குடி ஆகவில்லை?

2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கேள்வி சுற்றிவருகிறது. பாலத்தின் நடுப்பகுதி 17 மீட்டர் உயரத்துக்கு நேராக மேலே எழும் என்று செய்திகள் சொன்னதும், இனிப் பெரிய கப்பல்கள் பாம்பன் வழியாகப் போகும், கப்பல் போனால் துறைமுகம் வரும், துறைமுகம் வந்தால் தூத்துக்குடியைப் போல் ஆலைகளும் வரும் என்ற எதிர்பார்ப்பு பரவியது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டபோது இதே கேள்வி குறையாகவும் ஒலித்தது: கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், அதே மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கும் ஓர் ஊருக்கு வந்தது இங்கே ஏன் வரவில்லை?

இந்தக் கேள்விக்கு ‘இங்கே கடல் ஆழமில்லை’ என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுவது வழக்கம். அந்த விடை பாதி மட்டுமே சரி. தூத்துக்குடியின் கரையும் ஆழமற்றதுதான். பெரிய கப்பல்கள் அந்தக் கரையை நெருங்க முடியாமல் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்ற காலம் 20ஆம் நூற்றாண்டிலும் நெடுநாள் நீடித்தது. ஆகவே இரண்டு கரைகளும் பிரிந்து போன இடத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

முதலில் மூன்று சொற்கள்

1. மிதவை ஆழம்: கப்பலின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கி நிற்கிறது என்ற அளவு. சரக்கு ஏற ஏறக் கப்பல் தாழும். மிதவை ஆழம் கூடும். நாட்டுப்படகு முழங்கால் நீரிலும் மிதக்கும். கடல் கடக்கும் இன்றைய சரக்குக் கப்பலுக்கு 10 மீட்டர் நீர்கூடப் போதாமல் போகலாம்.

2. நங்கூரத் துறை: கப்பல் கரையைத் தொடாமலேயே பாதுகாப்பாக நின்று சரக்கை ஏற்றி இறக்கக்கூடிய கடற்பகுதி. ஆழம் இருந்தால் மட்டும் போதாது. காற்றும் அலையும் தாக்காத மறைவும் வேண்டும்.

3. பின்னிலம்: துறைமுகத்துக்குச் சரக்கை அனுப்புவதும் துறைமுகத்திலிருந்து சரக்கைப் பெறுவதுமான உள்நாட்டுப் பகுதி. கடலைப் பார்த்தபடி துறைமுகங்களைப் பற்றிப் பேசுபவர்கள் அடிக்கடி மறப்பது முதுகுக்குப் பின்னால் இருக்கும் இந்த நிலத்தைத்தான்.

பாலம் எழும் உயரமும் நீரின் ஆழமும்

புதிய பாலம் ஏறத்தாழ 2.08 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மின்தூக்கியைப் போல் இருபுறக் கோபுரங்களுக்கு இடையே நேராக மேலெழுகிறது. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுப்பகுதி வேறு விதமானது. அது இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து இருபுறமும் சாய்ந்து திறக்கும்; ஆட்கள் நின்று கையால் சுழற்றித் திறப்பார்கள். செர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் அறியப்படும் அந்த அமைப்பு, உப்புக்காற்றில் நூறு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

திறக்கும் முறை மாறியிருக்கிறதே தவிர அடியில் ஓடும் நீர் மாறவில்லை. மண்டபத்துக்கும் பாம்பன் தீவுக்கும் இடையிலான இந்தக் கால்வாய், பாறைத் திட்டுகளுக்கு நடுவே வளைந்து செல்லும் குறுகிய நீர்வழி. பாம்பைப் போல் நெளிவதால்தான் பாம்பன் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 15ஆம் நூற்றாண்டு வரை தீவு நிலத்தோடு ஒட்டியிருந்தது என்றும் 1480இல் வீசிய புயல் அதைப் பிரித்தது என்றும் ராமேசுவரம் கோயில் பதிவுகளை ஆதாரமாகக் காட்டிக் கூறப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் பல ஆண்டுகள் பாறையை வெடிவைத்துப் பிளந்தும் மணலைத் தோண்டியும் இந்தக் கால்வாயை ஆழப்படுத்தினார்கள். அத்தனைக்கும் பிறகு கிடைத்த ஆழம் ஏறத்தாழ 14 அடி, அதாவது 4 மீட்டருக்குச் சற்று மேல். கரையோரச் சிறு கப்பல்களுக்கும் பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்குப் படகுகளுக்கும் விசைப்படகுகளுக்கும் கடலோரக் காவல் படையின் சிறிய கலங்களுக்கும் அது போதும்.

இன்னொன்றும் உண்டு. ரயில் பாலம் எவ்வளவு உயர எழுந்தாலும், பக்கத்திலேயே 1988 அக்டோபர் 2 முதல் அசையாமல் நிற்கும் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலத்தின் அடியிலும் அந்தக் கப்பல் புகுந்தாக வேண்டும். மேலே சாலைப் பாலமும் கீழே பாறையும் எல்லை வகுத்த வழியில், ரயில் பாலத்தின் இயந்திரம் மட்டும் புதிய கப்பல்களைக் கொண்டுவந்துவிடாது.

ஆழமின்மை குறையாக இல்லாத காலம்

கலங்கள் சிறியவையாக இருந்த வரையில் இந்தக் கரைக்கு எந்தக் குறையும் இல்லை. வைகையின் முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களின் பிற்பகுதியிலிருந்து நடத்திய அகழாய்வுகளில் ரோமானிய நாணயங்களும் கலயத் துண்டுகளும் கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை என்று அடுத்தடுத்து இத்தனை துறைகள் ஒரே கரையில் அமைந்ததற்கு ஆழமற்ற, அலை குறைந்த கடலே துணைநின்றது. கடலைத் தெரிந்தவர்கள் இன்றும் பாக் நீரிணையின் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவின் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். ஒரு பருவக்காற்றில் ஒரு பக்கம் கொந்தளித்தால் மறுபக்கம் அடங்கிக் கிடக்கும் என்பதால், பாம்பன் வழி இரண்டு கடல்களையும் இணைக்கும் வாசலாக இருந்தது.

வாசலைக் காத்தவர்கள் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள். பட்டமே அதைத்தான் சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழவன் சேதுபதி காலத்தில் கீழக்கரையின் பெருவணிகர் சீதக்காதி, அரசருக்கு நெருக்கமானவராக இருந்து, முத்தும் சங்கும் அரிசியும் கலந்த பெரிய கடல் வணிகத்தை நடத்தினார். டச்சுக் கம்பெனி அவரைப் போட்டியாளராகவே கண்டது. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்ற பழமொழியை அவருடைய கொடைக்குச் சான்றாகச் சொல்கிறோம். அந்தக் கொடைக்குப் பின்னால் இருந்த செல்வம் ஆழமற்ற இந்தக் கடலிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. இங்கே குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் டாக்காவின் சங்கறுப்போர் கையில் வளையலாக மாறியது. அந்த வணிகத்துக்கு 10 மீட்டர் ஆழம் எதற்கு?

தூத்துக்குடியும் ஆழமற்ற கரைதான்

நீராவிக் கப்பல்கள் வந்தபோதுதான் கணக்கு மாறியது. ஆனால் தூத்துக்குடிக்கும் அது எளிதாக மாறிவிடவில்லை. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, பாய் விரித்த தோணிகளும் வள்ளங்களும் சரக்கைக் கரைக்கும் கப்பலுக்குமாகச் சுமந்தன. தூத்துக்குடித் தோணி என்று இன்றும் பெயர் சொல்லும் கலமும், ஏரா எனப்படும் அடிமரம் வைத்து அதைக் கட்டிய ஆசாரிகளும், அதை ஓட்டிய தண்டல்களும் அந்த ஆழமின்மையிலிருந்து பிறந்த தொழில் மரபினர். கரைக்கும் கப்பலுக்கும் இடையிலிருந்த அந்த மைல்களே ஒரு நகரத்தின் பிழைப்பாயிற்று.

அப்படியானால் தூத்துக்குடியிடம் இருந்து பாம்பனிடம் இல்லாதவை எவை?

1. கரிசல் காடு. எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் வட்டாரங்களின் பருத்திக்கு மிக அருகில் இருந்த கடல்வாய் தூத்துக்குடி. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் அங்கிருந்து இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போன பருத்தியைத் தடுத்தபோது, இந்தியப் பருத்தியின் தேவை திடீரென்று பெருகியது. திருநெல்வேலிச் சீமையின் பருத்தி ‘டின்னிவெல்லி’ என்ற வணிகப் பெயரோடு வெளிநாட்டுச் சந்தையில் விற்றது. அந்தப் பருத்தியை அழுத்திப் பொதியாக்கும் இயந்திரச் சாலைகள் தூத்துக்குடியில் நின்றன.

2. ரயில். தென்னிந்திய ரயில்வேயின் பாதை 1876இல் தூத்துக்குடியை எட்டியது. மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்தது 1902இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டு ஒரு துறைமுக நகரத்தின் வாழ்வில் சிறிய காலம் அல்ல. கிட்டங்கிகள் எனப்படும் சரக்குக் கிடங்குகளும் ஏற்றுமதி அலுவலகங்களும் வங்கிகளும் இடம்பிடித்து அமர்ந்தது அந்த ஆண்டுகளில்தான்.

3. ஆலை முதலீடு. பருத்தி வாங்கி விற்க வந்த ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள், 1880களில் பாபநாசத்திலும் பின்னர் தூத்துக்குடியிலும் நூற்பாலை அமைத்தார்கள். தூத்துக்குடியில் இருந்தது கோரல் மில். முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற ஊரில் ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியது அப்போதுதான்.

இங்கே ராமநாதபுரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. 1910இல் உருவான பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் விருதுநகரும் சிவகாசியும் ராஜபாளையமும் அருப்புக்கோட்டையும் இருந்தன. அந்த ஊர்களின் பருத்தியும் மிளகாயும் தங்கள் மாவட்டத்தின் கடற்கரையைத் தேடி வரவில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டித் தூத்துக்குடிக்குப் போயின. 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆலையும் அச்சகமும் தீப்பெட்டியும் விருதுநகர் பக்கம் நின்றுவிட்டன. ‘பின்தங்கிய மாவட்டம்’ என்று இன்றைய ராமநாதபுரத்தைப் பற்றிப் புள்ளிவிவரங்கள் சொல்லும்போது, அந்தப் புள்ளிவிவரத்தில் ஒரு பகுதி நிர்வாக எல்லைக்கோடு வரைந்தது என்பதை மறக்கலாகாது.

தூத்துக்குடியின் தொழில் பண்பாடு தொடக்கத்திலேயே அரசியலோடு பின்னியது. கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி ஏகபோகமாக நடத்திய போக்குவரத்தை எதிர்த்து, வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்தார். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்தவர், ராமநாதபுரம் அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர். சேதுக்கரையின் பணமும் மதிப்பும் அன்றே தூத்துக்குடியின் கப்பலில்தான் முதலாயின என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி வேறில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். வேலைநிறுத்தம் வென்றது, மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். தமிழகத்தின் தொழிலாளர் இயக்க வரலாற்றில் அந்த இரண்டு வாரங்களுக்குத் தனி இடம் உண்டு.

1914: ஆட்கள் இங்கே, சரக்கு அங்கே

சுதேசிக் கப்பல் போட்டியிட்ட அந்தக் கொழும்பு வழியை வேறொரு திசையிலிருந்து மாற்றிப்போட்டது பாம்பன் பாலம். அதுவரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து கப்பல் ஏற வேண்டும். 1914இல் பாலம் திறந்ததும் அதே பயணி ரயிலிலேயே தனுஷ்கோடி வரை சென்று, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைச் சிறு நீராவிக் கப்பலில் கடந்து, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பை அடைந்தார். ஒரே பயணச்சீட்டில் ரயிலும் கப்பலும் அடங்கிய அந்த வண்டியைத்தான் மக்கள் போட் மெயில் என்று அழைத்தார்கள்.

தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சல் நிலையம், படகுத்துறை எல்லாம் வந்தன. பார்வைக்கு அது துறைமுகம்தான். ஆனால் அங்கே வந்து இறங்கியது பெரும்பாலும் ஆட்கள். ஆட்கள் தங்குவதில்லை, கடந்து போகிறார்கள். சரக்கு அப்படியல்ல. பருத்திப் பொதி கிட்டங்கியில் கிடக்க வேண்டும், அழுத்தப்பட வேண்டும், எடைபோட வேண்டும், தரகர் பார்க்க வேண்டும், அதற்குக் கடன் கொடுக்க ஒருவர் வேண்டும். சரக்கு காத்துக்கிடக்கும் இடத்தில்தான் தொழில் வேர்விடுகிறது. தூத்துக்குடி 1914இல் பயணிகளை இழந்தது, சரக்கை இழக்கவில்லை. ராமநாதபுரம் கரை பயணிகளைப் பெற்றது, சரக்கைப் பெறவில்லை. இரண்டு ஊர்களும் உண்மையில் பிரிந்த இடம் இதுவே என்பது இந்தக் கட்டுரையின் கருத்து.

அந்தப் பயணிகளில் பெரும்பான்மையோர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் திரட்டிச் சென்ற கூலித் தொழிலாளர்களே அவர்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் இந்தக் கரையின் சிறு துறைகளிலிருந்து தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலைநாட்டை அடைந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டவர் பலர். பின்னர் தூத்துக்குடி வழியாகப் போனவர்களைத் தட்டப்பாறை முகாமில் நிறுத்திச் சோதித்தார்கள். தனுஷ்கோடி வழி திறந்த பிறகு அந்த வேலை மண்டபத்துக்கு மாறியது. இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய தொற்றுத்தடை முகாம் அது. தொழிலாளர்கள் அங்கே தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, உடைமைகள் நீராவியில் வேகவைக்கப்பட்ட பிறகே தீவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

‘மண்டபம் கேம்ப்’ என்ற பெயர் அஞ்சல் முகவரியில் இன்றும் வாழ்கிறது. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949 முதல் 1971இல் கொச்சிக்கு மாறும் வரை அங்கேதான் தலைமையகம் வைத்திருந்தது. பின்னர் தாயகம் திரும்பியவர்களும், 1983க்குப் பிறகு இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தவர்களும் அதே இடத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். தூத்துக்குடியின் வரலாற்றை ஆலைகளை வைத்து எழுதலாம் என்றால், இந்தக் கரையின் வரலாற்றை இந்த ஒரு முகாமை வைத்து எழுதிவிடலாம்.

1964ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்வுகள்

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. நூறாண்டுக்கு மேலாக இங்கிருந்து அங்கே போன ஓட்டம் திசை திரும்பப் போகிறது என்பதே அதன் பொருள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணி வண்டியை அலை வாரிக்கொண்டது. அதிலிருந்தவர்களில் யாரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி தப்பியது, பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தன. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாட்களில் அதைச் சீர்செய்தார்.

பாலம் மீண்டது, தனுஷ்கோடி மீளவில்லை. அரசு அதை மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது. கப்பல் ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. தாயகம் திரும்பியவர்கள் அந்த வழியாக வந்தார்கள். 1980களில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. கடந்து போகிறவர்களை மட்டுமே நம்பிய ஒரு கரை, அந்தக் கடப்பு நின்றதும் கையில் எதுவும் இல்லாமல் நின்றது.

தனுஷ்கோடி அழிந்த அதே 1960களில் தூத்துக்குடி எதிர்த்திசையில் நடந்தது. கரையில் ஆழமில்லை என்றால் ஆழமுள்ள இடத்துக்குத் துறைமுகத்தையே கொண்டுபோவது என்ற முடிவோடு, கடலுக்குள் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு கல் அலைத்தடுப்புகள் கட்டப்பட்டன. 1974 ஜூலை 11 அன்று அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011இல் வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டது. அதைத் தொடர்ந்து ஸ்பிக் உர ஆலை, கனநீர் ஆலை, அனல் மின் நிலையம், கார ரசாயன ஆலை ஆகியவை 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் வரிசையாக வந்தன. இவற்றுக்குத் தேவையான நிலக்கரியையும் மூலப்பொருளையும் கப்பலில் இறக்க முடிந்தது என்பதே அவை அங்கே வந்ததற்குக் காரணம்.

அத்தனை கோடிகளை அரசு அங்கே கொட்டியதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், விடை மீண்டும் பின்னிலத்துக்கே திரும்புகிறது. நூறு ஆண்டுகளாகச் சரக்கு வந்து குவிந்த இடத்தில்தான் அரசு ஆழத்தை விலைகொடுத்து வாங்கியது.

சேதுக் கால்வாய் வேறு, பாம்பன் கால்வாய் வேறு

செய்திகளைப் படிப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் இப்படி:

1. பாம்பன் கால்வாய் மண்டபத்துக்கும் பாம்பன் தீவுக்கும் நடுவில், பாலங்களின் அடியில் இருக்கிறது. இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

2. சேதுசமுத்திரத் திட்டத்தின் கால்வாய் தனுஷ்கோடிக்குக் கிழக்கே, தலைமன்னார் வரை நீளும் மணல் திட்டுகளான ராமர் பாலத்தை வெட்டிச் செல்வதாகத் திட்டமிடப்பட்டது. பாம்பன் பாலத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

3. இப்போதைய பெரிய கப்பல்கள் இரண்டையும் தவிர்த்து இலங்கையைச் சுற்றிப் போகின்றன.

சேதுக் கால்வாய் யோசனை 1860இல் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி எழுதியதிலிருந்து தொடங்குகிறது. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் மன்மோகன் சிங் தொடங்கிவைத்த திட்டத்தின் மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். கால்வாயின் அகலம் 300 மீட்டர், ஆழம் 12 மீட்டர். 2007இல் வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பின் ராமர் பாலப் பகுதியில் தோண்டும் பணி நின்றது. மத நம்பிக்கை சார்ந்த வாதமே பெரிதாகப் பேசப்பட்டது. மணல் திரும்பத் திரும்ப வந்து மூடும் கடலில் 12 மீட்டர் ஆழத்தைக் காக்க ஆண்டுதோறும் ஆகும் செலவு குறைவாகவே பேசப்பட்டது. 2023 ஜனவரியில் திட்டத்தை நிறைவேற்றக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. அது நிறைவேறினாலும், கால்வாய் வழியே கடந்து போகும் கப்பல் ராமநாதபுரம் கரையில் நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. போட் மெயில் காலத்தின் பாடம் இங்கேயும் பொருந்தும்.

ஆலை நகரத்துக்கு இந்தக் கரை கொடுத்தது

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் சங்கிலியாகக் கிடக்கின்றன. குருசடை, மனோலி, முயல்தீவு இந்தப் பக்கம். காரைச்சல்லி, காசுவார், வான்தீவு அந்தப் பக்கம். அவற்றைச் சுற்றியிருந்த முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, பல பத்தாண்டுகளாக வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ரசாயன ஆலைகளுக்கும் கட்டடங்களுக்கும் அனுப்பினார்கள். விளைவாக இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின: கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி. தொழில் ஒரு பக்கம் வளர்ந்தது. நிலம் இரண்டு பக்கமும் கரைந்தது. 1986இல் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. ஆகவே இப்போது இந்தக் கரையில் பெருந்துறைமுகம் கட்டுவதற்கு ஆழமின்மையோடு சட்டமும் குறுக்கே நிற்கிறது.

ஆலை நகரமாவதற்குக் கொடுக்கப்படும் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முத்துக்கு உலகப் புகழ்பெற்ற தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அதே மாத இறுதியில் ஆலை மூடப்பட்டது. தூத்துக்குடியைப் போல் ஆக வேண்டும் என்று கேட்பவர்கள் எந்த ஆண்டின் தூத்துக்குடியைக் கேட்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுபுறம், ஆழமற்ற கடலுக்கென்று தனிச் செல்வம் உண்டு. பெரும்பகுதி 13 மீட்டருக்குள் அடங்கும் பாக் விரிகுடாவில் சூரிய ஒளி அடிமண் வரை எட்டுவதால் கடற்புல் செழிக்கிறது. அதை மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இறால், நண்டு, கணவாய், பெண்கள் மூழ்கியெடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி எல்லாமே இந்த ஆழமின்மையின் விளைச்சல். மாரியூர் – வாலிநோக்கம் உப்பளங்களும், உள்ளே கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையமும் வெயிலையும் காய்ந்த நிலத்தையுமே மூலதனமாகக் கொண்டவை. அவற்றில் எதற்கும் ஆழமான துறைமுகம் தேவைப்படவில்லை.

புதிய பாலம் எதை மாற்றும்?

முதலாவதாக, 2022 டிசம்பருக்குப் பிறகு மண்டபத்தோடு நின்றுவிட்ட ரயில்கள் மீண்டும் ராமேசுவரம் வரை செல்கின்றன. பழைய பாலத்தில் ஊர்ந்து போன வண்டிகள் இதில் மணிக்கு 75 கிலோமீட்டர் வரையிலும் தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் வரையிலும் செல்ல அனுமதிக்கப்பட்டுள்ளன. இரண்டாவதாக, படகுகளுக்காகப் பாலத்தைத் திறக்க ஆட்கள் கூடிச் சுழற்ற வேண்டியதில்லை. மோட்டார் சில நிமிடங்களில் தூக்கிவிடுகிறது. வடகடலிலிருந்து தென்கடலுக்குப் போக அனுமதிக்காகக் காத்துக்கிடக்கும் விசைப்படகுகளுக்கும் பார்ஜ்களுக்கும் இது உண்மையான நன்மை.

மூன்றாவது மாற்றம் இன்னும் வரவில்லை. பாலத்தின் அடித்தூண்கள் இரட்டைப் பாதைக்கு இடம்விட்டுக் கட்டப்பட்டுள்ளன. இப்போது ஓடுவது ஒற்றைத் தண்டவாளம். ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் இறங்கும் மீன்பாட்டைக் குளிர்ப்பெட்டியில் அடைத்து ரயிலில் ஏற்ற வழிசெய்தால் இரண்டாவது தண்டவாளத்துக்குச் சரக்கு இருக்கும். யாத்திரிகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் மட்டும் ஏற்றினால், 1914 முதல் ஓடிய அதே வண்டிதான் கூடுதல் வேகத்தில் ஓடும்.